முடிக்காமல் பெட்டியில் கிடக்கும் பின்னல் வேலைகள்: எதை முடிப்பது, எதைப் பிரிப்பது?

சாட்ஸ்வொர்த் பின்னல்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள் என்பதற்காக, பின் அறையிலுள்ள அலமாரியைக் காலி செய்தேன். அதற்குள் இருந்த அரைகுறைப் பின்னல் வேலைகளையெல்லாம் கட்டிலின் மேல் பரப்பி வைத்தபோது, படுக்கை விரிப்பே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார்.

அவற்றில் முக்கியமானவற்றை இங்கே சொல்கிறேன். மருமகனுக்காகத் தொடங்கிய கருநீல ஜெர்சிக்கு முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை ஆகியவை முடிந்துவிட்டன. இரண்டாவது கை மட்டும் இல்லை. பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்காகத் தொடங்கிய மஞ்சள் சட்டை முக்கால் அளவில் நிற்கிறது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மோஹேர் நூலில் ஒரு சால்வை இருக்கிறது, நாவல்பழ நிறம், அதில் எங்கோ ஒரு கண்ணி தவறியிருக்கிறது. ஒற்றைக் காலுறை ஒன்று உண்டு. ஒரு வருடம் முழுவதும், அன்றன்றைய வெப்பத்துக்கு ஏற்ற நிறத்தில், நாளுக்கு ஒரு வரிசை என்று பின்ன வேண்டிய வெப்பநிலைப் போர்வையும் உண்டு. இவை போக, இரண்டு விரற்கடை உயரம் மட்டும் பின்னி நிறுத்திய துண்டுகள் பல இருக்கின்றன.

எனக்குப் பின்னல் என்றால் உயிர். புது நூல்கண்டின் காகிதப் பட்டையைக் கழற்றி முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறு எதிலும் எனக்குக் கிடைப்பதில்லை. அதனால் "இனிமேல் தொடங்காதே" என்ற அறிவுரை எனக்குப் பயன்படாது. ஆனால் குளிர்காலம் வருகிறது, இந்த நூலெல்லாம் யாராவது ஒருவருடைய உடம்பின் மேல் இருக்க வேண்டியது. எதை எடுத்து முடிப்பது, எதைப் பிரித்துவிடுவது என்று நீங்கள் எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

லெனேசியா அம்மா எழுதியது:

வணக்கம் அக்கா. கேட்க விரும்பாததைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று நம் பெரியவர்கள் சொன்னது பின்னல் வேலைக்கு அப்படியே பொருந்தும். எங்கள் வீட்டில் ஊசியில் ஒரு வேலைதான் இருக்கும். அது முடிந்து, கழுவி, உலர்ந்து, உரியவரின் கைக்குப் போன பிறகுதான் அடுத்த நூலைத் தொடுவேன்.

நீங்கள் டர்பன் பக்கம் இருக்கிறீர்கள். நம் தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம் என்றாலும், அங்கே ஜூலை மாதத்திலும் பகலில் ஒரு மெல்லிய சட்டை போதும். எங்கள் லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஜூன், ஜூலை மாதங்களின் காலை வேளையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். முடியாத ஜெர்சி என்றால் இங்கே ஒரு குழந்தை குளிரில் பள்ளிக்குப் போகிறது என்று பொருள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் ஊசி எழுதியது:

லெனேசியா அம்மாவின் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனால் சாட்ஸ்வொர்த் அக்கா கேட்டது வேறு. ஏற்கனவே நின்றுபோனவற்றை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பல வருடங்களாகப் பின்னல் வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு.

ஒரு பின்னல் வேலை சோம்பலால் நிற்பதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அது நின்ற இடத்தை எடுத்துப் பார்த்தால், அங்கே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். கழுத்துக்குக் கண்ணி குறைக்கும் இடத்தில் நின்றிருந்தால், பேட்டர்ன் என்னும் பின்னல் குறிப்பில் அந்த வரி புரியவில்லை என்று பொருள். எல்லாத் துண்டுகளும் முடிந்து தைக்காமல் கிடந்தால், தையல் கூட்டத் தெரியவில்லை அல்லது பிடிக்கவில்லை. இரண்டாவது கையில் நின்றிருந்தால், அதே வேலையை மறுபடி செய்ய மனம் ஒப்பவில்லை, அல்லது நூல் போதாதோ என்ற பயம். இரண்டு விரற்கடையில் நின்றவை பெரும்பாலும் அளவுப் பிசகால் நின்றவை. கையில் பிடித்தபோதே இது சரியாக வராது என்று மனம் சொல்லியிருக்கும், கணக்குப் போட்டுப் பார்க்காமல் மூடி வைத்திருப்போம்.

அந்தக் கணக்கு எளியது. பேட்டர்ன் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி கேட்கிறது, முன்பக்கத்துக்கு 110 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 50 சென்டிமீட்டர் அகலம். உங்கள் கை சற்றுத் தளர்வாக ஓடி 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 110 கண்ணி 55 சென்டிமீட்டர் ஆகிவிடும். முன்னும் பின்னும் சேர்த்து 10 சென்டிமீட்டர் கூடிவிட்டது. ஒரு ஆளின் அளவே மாறிப்போனது. இப்படிப்பட்டவற்றைத் தயங்காமல் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் இனி எவ்வளவு பின்னினாலும் அது சரியாகாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா, ஆயா காலத்துப் பேட்டர்ன் தாள்களில் ஊசியின் எண் பழைய பிரிட்டிஷ் முறையில் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். நின்றுபோன ஒவ்வொரு வேலையிலும் ஊசியை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். பல புதிர்கள் அங்கேயே அவிழும்.

ஆகவே அக்கா, முதலில் எதையும் முடிக்க உட்கார வேண்டாம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எந்த வரிசையில் நின்றது, அந்த இடத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டியிருந்தது என்று மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் மேலேயே குத்தி வையுங்கள்.

டொங்காட் நூல்கண்டு எழுதியது:

ஒரே நேரத்தில் பல வேலைகள் இருப்பது குறையே அல்ல என்று நான் நினைக்கிறேன். எல்லா நேரத்திலும் எல்லாவற்றையும் பின்ன முடியாது. கயிறு முறுக்கியதுபோல் வரும் கேபிள் பின்னலுக்கு நல்ல வெளிச்சமும் அமைதியான வீடும் வேண்டும். துளைத்துளையாக வரும் லேஸ் பின்னும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு கடுமையாக இருந்த 2022, 2023 ஆண்டுகளில் மாலையில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே பின்னக்கூடிய வேலை ஒன்று எப்போதும் கையில் இருந்தது. ஒவ்வொரு வரிசையும் நேர்ப்பின்னல்தான், குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. மருத்துவமனையில் எண் கூப்பிடும்வரை காத்திருக்கும்போது கைப்பையில் அடங்குகிற சிறிய வேலை தேவை. அங்கே யாரும் இரட்டைப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆகவே இருட்டுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, கவனத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நியாயமே. ஒரே வகையில் இரண்டு சேரும்போதுதான் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

லெனேசியா அம்மா எழுதியது:

டொங்காட் தங்கை சொல்வது எனக்குப் புது யோசனையாக இருக்கிறது. மூன்று வகைக்கு மூன்று என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கட்டில் நிறைய என்பதை இன்னும் ஏற்கவில்லை.

சாட்ஸ்வொர்த் பின்னல்காரி எழுதியது:

மாரிட்ஸ்பர்க் அக்கா சொன்னபடியே தாள் எழுதிக் குத்தினேன். பாதி வேலைகளின் காரணம் எழுதும்போதே தெரிந்துவிட்டது. இரண்டு விரற்கடைத் துண்டுகள் பலவற்றில் ஊசி ஒன்றாகவும் பேட்டர்ன் கேட்டது வேறாகவும் இருக்கிறது. அவற்றைப் பற்றி இனி எனக்கு மனக்கவலை இல்லை, பிரித்துவிடலாம்.

மருமகனின் ஜெர்சி நின்றதற்குக் காரணம் நூல்தான். அந்தக் கருநீலம் இப்போது கடையில் இல்லை. மீதி இருப்பது ஒரு முழுக் கைக்குப் போதுமா, பாதியில் தீர்ந்துவிடுமா என்று தெரியாத நிலையில் தொடங்குவதற்குக் கை வரவில்லை. அவர் ஒவ்வொரு குளிர்காலமும், "அத்தை, என் ஜெர்சிக்கு வயது எத்தனை ஆகிறது?" என்று அன்போடு விசாரிக்கிறார்.

பீனிக்ஸ் கம்பளி எழுதியது:

அக்கா, இதற்குத் தராசு போதும். முடித்த கையை இன்னும் உடலோடு தைக்கவில்லை அல்லவா? அதைச் சமையலறைத் தராசில் வையுங்கள். அது 75 கிராம் காட்டினால், மீதி நூலும் 75 கிராமுக்குச் சற்று மேல் இருந்தாக வேண்டும், ஏனென்றால் தைப்பதற்கும் கழுத்துப் பட்டிக்கும் தனியாக வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பிடுவதை நம்பாதீர்கள். தளர்வாகச் சுற்றிய நூல்கண்டு பெரிதாகத் தெரியும், எடை இருக்காது.

போதவில்லை என்றாலும் வழி உண்டு. கைகளின் மணிக்கட்டுப் பட்டியையும் கழுத்துப் பட்டியையும் சாம்பல் நிறத்தில் பின்னினால், அது வேண்டுமென்றே செய்த அலங்காரமாகவே தெரியும். அதே நிறம் வேறு சாயத் தொகுதியில் கிடைத்தால், நூலைச் சட்டென்று மாற்றாதீர்கள்; நூல்கண்டின் பட்டையில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் வேறானால், கடை விளக்கில் ஒன்றுபோல் தெரிவது வெயிலில் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். இரண்டு வரிசை பழையதில், இரண்டு வரிசை புதியதில் என்று ஒரு சாண் அளவுக்கு மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குப் பிடிபடாது.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு கைகளையும் ஒரே நீளமான வட்ட ஊசியில் (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி), தனித்தனி நூல்கண்டுகளோடு, ஒரே நேரத்தில் பின்னுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியும், நீளமும் மாறாது. காலுறைக்கும் இதே முறைதான்.

வெருலம் தாத்தா எழுதியது:

நான் பின்னுகிறவன் அல்ல. என் மனைவி பின்னுவாள். அவள் காலமான பிறகு அவளுடைய கூடையை அப்படியே வைத்திருக்கிறேன். அதில் எங்கள் மகளுக்காகத் தொடங்கிய ஒரு போர்வை இருக்கிறது, பச்சையும் வெண்மையும் கலந்தது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கிறது, இன்னும் ஊசியிலேயே இருக்கிறது. மகள் அதை முடித்துத் தரச் சொல்லி யாரிடமாவது கொடுக்கலாமா என்று கேட்கிறாள். வேறொருவர் கை பட்டால் அது என் மனைவி செய்ததாக இருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. இந்த உரையாடல் இழையில் கேட்பது பொருத்தமா என்றும் தெரியவில்லை. பொருத்தமில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஊசி எழுதியது:

ஐயா, இந்த இழையில் இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை.

பின்னலில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே பேட்டர்ன் கொடுத்தாலும் இரண்டு பேருடைய கண்ணிகள் ஒரே அளவில் வரா. உங்கள் வீட்டு அம்மா விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர்ந்தால், அந்த வரிசையில் அகலம் சற்று மாறும். சிலர் அதை மறைக்க ஊசியின் அளவைக் கால் மில்லிமீட்டர் மாற்றிப் பார்ப்பார்கள். உங்கள் போர்வைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அம்மா பின்னிய கடைசி வரிசையைப் பிரிக்காமல், அதற்கு மேல் ஒரு வரிசைகூடச் சேர்க்காமல், அங்கேயே கண்ணிகளை முடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு நான்கு பக்கமும் வேறொரு நிறத்தில், உங்கள் மகளுக்குப் பிடித்த நிறத்தில், ஒரு கரை பின்னிச் சேர்க்கட்டும். நடுவில் இருப்பது முழுக்க முழுக்க அம்மாவின் கை, கரை மட்டும் மற்றவருடையது. போர்வை சற்றுக் குட்டையாக இருக்கும். கரையை அகலமாக வைத்தால் அதுவும் சரியாகிவிடும். எது யாருடையது என்பது எப்போதும் பார்த்தவுடன் தெரியும்.

அதுவரை ஒரு வேலை உடனே செய்ய வேண்டும். பழைய ஊசிகளில் உலோகம் துருப்பிடித்தால், கறை நூலில் ஏறிவிடும். நீண்ட நாள் ஊசியில் நின்ற கண்ணிகள் விரிந்து, அந்த வரிசை மட்டும் தனியாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு. மழுங்கிய பெரிய தையல் ஊசியில் வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்து, பின்னல் ஊசியிலிருக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் அதை நுழைத்துவிட்டு, பிறகு ஊசியை மெல்ல உருவிவிடுங்கள். கண்ணிகள் அந்த நூலில் பத்திரமாக இருக்கும். உங்கள் மகளே இதைச் செய்யலாம்; ஒரு கண்ணியைக்கூட விட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

வெருலம் தாத்தா எழுதியது:

நன்றி அம்மா. கரை என்ற யோசனை எனக்கு முழுச் சம்மதம். மகளிடம் படித்துக் காட்டினேன். சிவப்பு வேண்டும் என்கிறாள்.

சாட்ஸ்வொர்த் பின்னல்காரி எழுதியது:

தாத்தா, வெருலம் எனக்குத் தூரமில்லை. கரையைப் பின்னித் தர ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மகள் சொன்ன சிவப்பிலேயே பின்னித் தருகிறேன். லெனேசியா தங்கை இதைப் புது வேலை என்று கணக்கில் சேர்க்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மோஹேர் சால்வையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்தேன், நூல் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வரவே மறுக்கிறது. இழுத்தால் அறுந்துவிடும் போலிருக்கிறது.

லெனேசியா அம்மா எழுதியது:

அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன் அக்கா. சிவப்புக் கரை முடிந்ததும் இங்கே சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஊசி எழுதியது:

மோஹேர் எப்போதும் அப்படித்தான். அது அங்கோரா ஆட்டின் ரோமம். நீளமான மெல்லிய இழைகள் பக்கத்துக் கண்ணிகளுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். அந்த இழைகள் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் மோஹேர் சால்வை எடையில்லாமல் இருந்தும் கதகதப்பாக இருக்கிறது. சால்வையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் பிரியுங்கள். இழைகள் சற்று விறைத்திருப்பதால் பிடிப்பு தளரும். ஒட்டிக்கொண்ட இடத்தில் இழுக்காமல் சிறிய கத்தரியால் அந்த மெல்லிய ரோமத்தை மட்டும் நறுக்கிவிடுங்கள், நடு நூலைத் தொடாதீர்கள்.

பிரிப்பதற்கு முன் அது தேவைதானா என்றும் பாருங்கள். தவறிய கண்ணி ஒன்றே ஒன்று என்றால், கீழே ஓடாதபடி அதைப் பின்பக்கத்தில் அதே நூலால் ஒரு தையல் போட்டுக் கட்டிவிடலாம். மோஹேரின் பஞ்சில் அது மறைந்துவிடும். வேறு நூலாக இருந்தால் இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த நூலை வீணாக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் மோஹேரில் ஏறக்குறைய பாதி நம் நாட்டிலேயே, பெரும்பாலும் கிழக்குக் கேப் மாகாணத்தின் கரூ என்ற வறண்ட வெளியில் விளைகிறது. அங்கோரா ஆடுகள் இங்கே 1838 இல் துருக்கியிலிருந்து வந்தன. வந்த கிடாக்கள் மலடாக்கப்பட்டிருந்தன என்றும், கூட வந்த ஒரே பெட்டை ஆடு வழியில் ஈன்ற கிடாக்குட்டியிலிருந்துதான் இங்கே அந்த இனம் தொடங்கியது என்றும் சொல்வார்கள். கப்பல் வழியாக வந்து இந்த மண்ணில் பெருகிய கதையைக் கேட்கும்போது, 1860 இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்திறங்கிய நம் முன்னோர்களின் நினைவு எனக்கு வராமல் போகாது.

பெனோனி பின்னல் எழுதியது:

புதிதாக வந்திருக்கிறேன். பிரிக்கவும் மனமில்லாத, முடிக்கவும் வழியில்லாத சிறு துண்டுகளுக்கு ஒரு வழி சொல்ல விரும்புகிறேன். அவற்றை 20 சென்டிமீட்டர் சதுரங்களாக முடித்துவிடுங்கள். அகலம் சரியாக இருந்தால் உயரம் வரும்வரை பின்னி முடித்துக்கொள்ளலாம். அகலம் குறைவாக இருந்தால் பக்கவாட்டில் கண்ணி எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்துக்கு ஏழு என்று 35 சதுரங்களைக் கூட்டினால் 1 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் நீளமும் கொண்ட குழந்தைப் போர்வை கிடைக்கும்.

மண்டேலா அவர்களின் பிறந்த நாளான ஜூலை 18 ஐ முன்னிட்டுப் போர்வை கொடுப்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் பொதுவாழ்வில் இருந்த 67 ஆண்டுகளை நினைத்து 67 போர்வைகள் என்று தொடங்கிய முயற்சி, ஆயிரக்கணக்கானோர் பின்னும் இயக்கமாக வளர்ந்து, 2015 ஏப்ரலில் பிரிட்டோரியாவின் யூனியன் பில்டிங்ஸ் முன்னால் போர்வைகளை ஒன்றாக விரித்து கின்னஸ் சாதனையும் படைத்தது. நம் பெட்டியில் கிடக்கும் துண்டுகளும் அப்படி ஒரு குழந்தையின் மேல் போகலாம். கோயிலில் அன்னதானம் கொடுக்கும் கைகள்தானே நம் கைகள்.

பீனிக்ஸ் கம்பளி எழுதியது:

நல்ல யோசனை. ஒரே ஒரு எச்சரிக்கை: கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். வெந்நீரில் துவைக்கும் வீட்டுக்குப் போனால் கம்பளிச் சதுரம் சுருங்கும், அக்ரிலிக் அப்படியே நிற்கும், போர்வை முழுவதும் கோணிவிடும். நூல் என்னவென்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்.

இன்னொன்று, அலமாரியில் நெடுநாள் கிடந்த கம்பளியைக் கொடுக்கும் முன் அந்துப்பூச்சி உண்டா என்று பாருங்கள். துணியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. சந்தேகம் இருந்தால் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் குறைந்தது மூன்று நாள் வைத்து எடுங்கள்.

டொங்காட் நூல்கண்டு எழுதியது:

வெப்பநிலைப் போர்வையை யாரும் தொடவில்லையே. அது நின்றதற்கான காரணத்தை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். அந்தப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழேயிருந்து 30 டிகிரிக்கு மேல் வரை வெப்பம் போய்வரும், ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்றால் போர்வையில் எல்லா நிறமும் வரும். டர்பனில் பகல் வெப்பம் ஜூலையில் சராசரியாக 23 டிகிரி, பிப்ரவரியில் 28 டிகிரி. ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் வைத்தால் வருடம் முழுவதும் இரண்டு, மூன்று நிறங்களுக்குள் முடிந்துவிடும். மாதக்கணக்கில் அதே ஆரஞ்சு நிறத்தைப் பின்னினால் யாருக்கும் அலுப்பு வரும். டிகிரிக்கு ஒரு நிறம் என்று மாற்றினால் நம் கடற்கரை ஊரிலும் அழகாக வரும். நின்ற நாளிலிருந்து தொடர வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்தே புதிதாகப் பின்னலாம். கடந்த மாதங்களின் வெப்ப அளவுகள் வானிலைப் பதிவுகளில் கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த் பின்னல்காரி எழுதியது:

டொங்காட் தங்கை சொன்னது சரி, ஆரஞ்சுதான்!

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். அளவு பிசகிய துண்டுகளில் பெரியவற்றைப் பிரித்துவிட்டேன். பிரித்த நூல் கூந்தலை அவிழ்த்ததுபோல் நெளிநெளியாக வந்தது. அதை நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துப் பிழியாமல் நிழலில் தொங்கவிட்டேன். மறுநாள் நெளிவு போய்ப் புது நூல்போல் ஆகிவிட்டது. சிறிய துண்டுகளைப் பெனோனி தங்கை சொன்ன சதுரங்களுக்கு ஒதுக்கினேன், அக்ரிலிக் தனி, கம்பளி தனி.

பேத்தியின் மஞ்சள் சட்டையை நீளம் கூட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். குழந்தைகள் அகலத்தைவிட உயரத்தில்தான் விரைவாக வளர்கிறார்கள் என்றாலும், இவள் இரண்டிலும் வளர்ந்துவிட்டாள். அதனால் அதே அளவில் முடித்து, எங்கள் தெருவில் பிறக்கப்போகும் குழந்தைக்குக் கொடுக்கப் போகிறேன். முக்கால் பங்கு முடிந்த வேலை, ஆள் மாறினால் என்ன.

மருமகனின் ஜெர்சியைத் தராசில் வைத்தேன். முடித்த கை 82 கிராம், மீதி நூல் 51 கிராம். வேறு நிறத்தில் பட்டி வைக்கட்டுமா என்று அவரிடமே கேட்கலாம் என்று கூப்பிட்டேன். அவர் வந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் குண்டூசியால் கூட்டச் சொல்லித் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, "அத்தை, கையே வேண்டாம். இந்த ஊர்க் குளிருக்கு இதுதான் சரி" என்றார். லெனேசியாவில் இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. இங்கே அது உண்மை. கையில்லாத ஜெர்சியாகவே முடித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். பின்னி முடித்த ஒற்றைக் கையைப் பிரித்தால் கழுத்துப் பட்டிக்கும் இரண்டு தோள்துளைப் பட்டிகளுக்கும் நூல் தாராளமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. தோள்துளையின் ஓரத்தில் பட்டிக்குக் கண்ணி எடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று எடுக்க வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க் ஊசி எழுதியது:

வேண்டாம் அக்கா. பின்னலில் கண்ணியின் அகலத்தைவிட வரிசையின் உயரம் குறைவு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று எடுத்தால் பட்டி அலை அலையாக விரிந்து நிற்கும். நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில் எடுங்கள். அக்குளில் கண்ணி முடித்த தட்டையான இடத்தில் மட்டும் ஒன்றுக்கு ஒன்று. உடலுக்குப் பயன்படுத்திய ஊசியைவிட அரை மில்லிமீட்டராவது மெல்லிய ஊசியில் பட்டியைப் பின்னுங்கள், தோளோடு ஒட்டி நிற்கும். முடிக்கும் வரிசையைத் தளர்வாக முடியுங்கள், மருமகன் கையை உயர்த்தும்போது இழுக்கக் கூடாது.

லெனேசியா அம்மா எழுதியது:

ஜெர்சி முடிந்ததும் படம் போடுங்கள் அக்கா. சதுரங்களில் கம்பளிப் பங்கு 35 க்குக் குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் ஊசியில் இப்போது இருக்கும் வேலை இந்த வாரம் முடிகிறது. அடுத்ததாக உங்களுக்குச் சதுரங்கள் பின்னி அனுப்புகிறேன்.